மெர்வ் ஊற்றிய மருந்து

மெர்வ் ஹாட்ரில் எஞ்சினைக் கழற்ற மாட்டார்; மருந்து ஊற்றுவார். ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மலையடிவாரத்து வாரிங்கல் என்ற ஊரில் யார் எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இதே வைத்தியம்தான். கார் திணறுகிறதா, பெட்ரோலில் ஒரு பாட்டில். உள்ளே கசடா, பழைய ஆயிலோடு ஒரு பாட்டில் சேர்த்துச் சற்றே ஓடவிட்டு, மொத்தத்தையும் வடித்துவிடு. புல்வெட்டி மக்கர் பண்ணுகிறதா, தொட்டியில் ஒரு மூடி. பாதி நேரம் மருந்து கேட்கவும் செய்தது, அதுதான் வினை. கேட்டதை ஊரெல்லாம் சொல்வார். கேட்காவிட்டால் எஞ்சின்மேல் பழி.

"என் முழங்கால் வலிக்குக்கூட ஒரு பாட்டில் வச்சிருப்பியே," என்பாள் மனைவி நோலீன்.

"முழங்காலுக்கு இல்ல, வாய்க்கு வேணா இருக்கு. ஓட்டத்தைக் குறைக்கிற மருந்து."

வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில், காட்டுத்தீ வந்தால் வீட்டை நனைக்கவென்று வைத்திருந்த, பெட்ரோலில் ஓடும் தண்ணீர் பம்ப். வருஷக்கணக்காகப் பழைய பெட்ரோல் காய்ந்து, அதன் டேங்க் உள்ளே பழுப்பு அரக்காகப் படிந்திருந்தது. டிசம்பரில் மெர்வ் அதில் மருந்தை ஊற்றினார். ஒரு பங்கு போதும் என்று பாட்டிலில் போட்டிருக்கும். நம் ஆள் இரண்டு பங்கு ஊற்றினார்.

வெயில்காலத்தில் ஞாயிறுதோறும் அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பம்பை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். மெர்வின் பம்ப் ஒரே இழுப்பில் கிளம்பியது. ஒரு நிமிடத்தில் எந்த நோய் தெரியும்? அதை யார் யோசித்தார்கள்!

பிப்ரவரியில் ஒரு நாள் விடியும்போதே வடக்குக் காற்று உலைவாயாக வீசியது. தீ வரலாம், போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள் என்றது ரேடியோ. நோலீன் துணிமணியைக் காரில் ஏற்றிவிட்டாள்.

"கிளம்பு மெர்வ். எனக்கு மனசே சரியில்ல."

"பம்ப் குழந்தை மாதிரி ஓடுது. எதுக்கு வீட்டை விட்டுட்டு ஓடணும்? நான் இருக்கேன்ல?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பெட்டியை இறக்கி வைத்தாள். அந்தப் பம்பை நம்பி இல்லை, இந்த மனுஷனை நம்பி.

மத்தியானத்துக்குமேல் மலைமுகடு சிவந்தது. சாலையைத் தீ மறித்தாயிற்று, இனிப் போக வழியில்லை. மெர்வ் கயிற்றை இழுத்தார். பம்ப் கிளம்பியது. நோலீன் குழாயைப் பிடித்துக் கூரையை நனைக்க ஆரம்பித்தாள். தீப்பொறிகள் புல்லில் விழத் தொடங்கின. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அந்த நேரம் பார்த்துப் பம்ப் இருமிற்று, திணறிற்று, நின்றுவிட்டது.

"யோவ், தண்ணி எங்க?"

மெர்வ் பம்பின் அருகே குனிந்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஸ்பேனரை எடுத்து, டேங்க் அடியிலிருந்த வடிகட்டியைக் கழற்றினார். பழுப்புக் கூழ் அப்பியிருந்தது. சட்டையில் துடைத்து மாட்டினார். ஓடியது, மறுபடி நின்றது. மறுபடி கூழ். அப்போதுதான் உறைத்தது. மருந்து வேலை செய்திருக்கிறது. இத்தனை வருஷ அரக்கையும் கரைத்துப் பெயர்த்து, வடிகட்டியில் கொண்டுவந்து அடைத்திருக்கிறது.

"நான் ஊத்தினதுதான் நோல்," என்றார். "அந்த மருந்துதான். உன்னைப் போகவிடாம நிறுத்தி வச்சதும் நான்தான்."

"அழறதுக்கு இப்ப நேரமில்ல. வேற வழி சொல்லு!"

முந்தின நாள் வாங்கிய நல்ல பெட்ரோல் கேனில் இருந்தது. ஆனால் டேங்கில் ஊற்றினால் அதுவும் கெடும். காலி மருந்து பாட்டில் ஒன்றில் நிரப்பினார். அடியில் ஆணியால் காற்றுக்கு ஓட்டை போட்டார். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் சிறு குழாயை டேங்கிலிருந்து உருவிப் பாட்டிலின் நீண்ட கழுத்தில் திணித்துத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார். கயிற்றை நோலீன் இழுத்தாள். பம்ப் உறுமியது.

கங்கு மழையாகக் கொட்டும் இடத்தில் ஒரு மனுஷன் பெட்ரோல் பாட்டிலைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்கிறான்! நினைத்தாலே குலை நடுங்குகிறது. பாட்டிலை இறக்கினால் தண்ணீர் நின்றுவிடும், பிடித்திருந்தால் ஒரு பொறி போதும்.

ஒரு கங்கு அவர் தோளில் விழுந்தது. நோலீன் சட்டென்று குழாயைத் திருப்பி அவரை நனைத்தாள். அந்த நொடியில் வராந்தா பற்றிக்கொண்டது.

"என்னை விடு! வீட்டைப் பாரு, நோல்! வீடு!"

அவள் அசையவில்லை. அவர் தலை, தோள், கை, பாட்டில், சுற்றியிருந்த மண் என்று நீர் ஓயாமல் விழுந்தது. தீ வராந்தாவிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூரை. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன.

"நீ பார்த்துப் பார்த்துக் கட்டின வீடுடி!" என்று கதறினார் மெர்வ்.

"தெரியும். கையை ஆட்டாம நில்லு."

தீ அவர்களைத் தாண்டி ஓடையை நோக்கிப் போயிற்று. வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நின்றது. பாட்டில் எப்போதோ காலியாகி, பம்ப் நின்றிருந்தது. மெர்வ் பாட்டிலை இன்னும் தலைக்குமேல்தான் பிடித்திருந்தார்; கை இறங்க மறுத்தது. நோலீன் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள்.