பாதிப் பேச்சும் மூன்று மொட்டையும்

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த மாதர் சங்கத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியை பேச வந்தார். புராணக் கதைகளை வைத்து ஆண்பிள்ளைகளின் மனது எப்படி வளர்கிறது என்று விளக்கப் போவதாக நோட்டீஸில் போட்டிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பதால் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போவது என் கடமை என்று நினைத்திருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, மூன்று வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலுமாகப் போனேன். துணைக்குப் பக்கத்து வீட்டு அம்மாளும் வந்தார்.

பேராசிரியை நன்றாகத்தான் பேசினார். எந்த ஊர்ப் பழங்கதையை எடுத்தாலும், பிள்ளை அம்மாவை விட்டுக் கிளம்புகிறான், காட்டுக்குப் போகிறான், அரக்கனைப் பார்க்கிறான், ஆளாகித் திரும்புகிறான் என்றார். நம்முடைய பத்து அவதாரங்களையே ஓர் ஏணி மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்றார். வயிற்றுக்குள் நீந்தும்போது மீன். தவழும்போது ஆமை. மண்ணில் புரளும்போது பன்றி. பிடிவாதம் பிடித்துத் தூணை உதைக்கும் வயதில் பாதி சிங்கம், பாதி மனிதன். அப்புறம் மூன்றடி கேட்கும் குள்ளன். அப்புறம் கோடாலி தூக்கும் கோபம். அதையும் தாண்டினால்தான் கையில் வில் பிடிக்கிற முழு ஆண். நான் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன்.

கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, "ஆண்பிள்ளை அம்மாவோட முந்தானையை விட்டு விலகறதுக்கு ஒரு சடங்கு வேணும். அது நேரத்துல நடக்கலைன்னா, அந்தப் பையன் பின்னால..." என்றார்.

அந்த நேரம் பார்த்து என் பையன் முந்தானையை இழுத்து ஒன்றுக்கு வருகிறது என்றான். அது பொறுக்கிற பிள்ளை இல்லை. நான் அவனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடித் திரும்பியபோது, எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் என்ன ஆகும் என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டேன். அவர் மீன் அவதாரத்திலேயே தூங்கிவிட்டாராம்.

அன்று முதல் எனக்கு நிம்மதி போயிற்று. ஏனென்றால் என் பையன் முந்தானையை விடாத பையன். அடுப்படிக்குப் போனாலும் பிடித்துக்கொண்டு வருவான். போதாததற்கு, சமயபுரத்தில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு தள்ளித் தள்ளிப் போனதில் முடி தோள் வரை வளர்ந்து, சிவப்பு ரிப்பனில் ஜடை போட்டிருந்தான். தெருவில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

நோட்டில் வீட்டு ஆண்களை ஏணியில் ஏற்றிப் பார்த்தேன். பையன் சிங்கத்தில் இருக்க வேண்டியவன்; தூணை உதைக்கிறான், ஆனால் இன்னொரு கையில் என் முந்தானை இருக்கிறது. என் கணவருக்கு இருபத்தொன்பது வயது, சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா, நியாயப்படி வில்லில் இருக்க வேண்டும். ஆனால் காலையில் ஒரு டம்ளர் காபி, ஒரு துண்டு, ஒரு நிமிஷம் கண்ணாடி என்று மூன்றே மூன்று கேட்டுவிட்டு வீட்டையே அளந்துவிடுவார். கண்ணாடி முன்னால் நெற்றிச் சுருள் சரியாக விழும்வரை அரை மணி நேரம் யாரும் கூடத்தில் நடமாட முடியாது. அவரைக் குள்ளனில் வைத்தேன். மாமனார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பேசவே மாட்டார். ஆமை என்று எழுதி, மரியாதைக்காக அழித்துவிட்டேன்.

மார்கழியில் மாமியார் இன்னொரு குண்டைப் போட்டார். முடி இறக்குவதற்கு முன்னால் பையனுக்குப் பாவாடை சட்டை போட்டு, பூ ஜடை தைத்து, ஸ்டுடியோவில் படம் எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் பல வீடுகளில் இருக்கிற வழக்கம்தான். முன்பு கேட்டிருந்தால் நானே குதித்திருப்பேன். இப்போது முந்தானையை விட்டு விலக வேண்டிய பையனைப் பாவாடையிலேயே இறக்குவதா என்று எனக்கு நடுக்கம். சுற்றி வளைத்து, அவன் மனசில் ஏதாவது தங்கிவிடுமோ என்றேன்.

மாமியார் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பழுப்புப் படத்தை எடுத்து வந்தார். பாவாடை, ஒட்டியாணம், பின்னால் கண்ணாடி, கண்ணாடியில் தாழம்பூ ஜடை. மூன்று வயது என் கணவர், உதட்டைக் குவித்துக்கொண்டு.

"அதை உள்ள வைங்கம்மா" என்றார் கணவர், சுருளை வாரியபடியே.

"பாரும்மா, இவனுக்கு என்ன தங்கிடுச்சு?" என்று மாமியார் என்னைக் கேட்டார். நான் கண்ணாடி முன்னால் நின்றவரைப் பார்த்தேன்.

அதற்குள் பகல் பத்துத் திருவிழாவின் கடைசி நாள் வந்து, கோயிலில் மோகினி அலங்காரம் பார்க்கப் போனோம். கூட்டத்தில் நெரிபட்டுக்கொண்டே மாமியார் என் காதில் சொன்னார்: "பெருமாளே வருஷத்துக்கு ஒரு நாள் பொம்பளையா வந்து நிக்கிறாரு. மறுநாள் சொர்க்க வாசலைத் தொறந்துக்கிட்டு ஆம்பளையா கெளம்பிடலை? நீ நோட்டை மூடி வை."

நோட்டு விஷயம் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆமையை நன்றாக அழித்தேனா என்ற கவலை புதிதாகச் சேர்ந்துகொண்டது.

படம் எடுத்தார்கள். பையன் மகாராணி மாதிரி நின்றான். எடுத்து முடித்ததும் ஜடையைப் பிரிக்க விடவில்லை. பூ வாடி நார் தெரிகிற வரை, இரண்டு நாள் அதோடேயே தூங்கினான். முடியை வெட்டுவார்கள் என்று யாரோ சொல்லிவிட, அன்றிலிருந்து முந்தானையை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் சமயபுரத்துக்குப் பஸ் ஏறினோம். மொட்டை போடும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். நான் ஒரே பெண், எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அதனால் அப்பா மடியிலேயே உட்காரட்டும் என்று முடிவாகியிருந்தது. வழி முழுக்க எனக்கு ஒரே எண்ணம்தான். இதுதான் அந்தச் சடங்கு. இவன் இன்று என் முந்தானையை விட்டுவிட்டு அழாமல் போய் உட்கார்ந்தால் பிழைத்தான். இல்லாவிட்டால், அந்தப் பையன் பின்னால்...

சீட்டு வாங்கி, முடி இறக்கும் மண்டபத்தில் நாவிதர் முன்னால் நின்றோம். அவர் கிண்ணத்தில் தண்ணீரைத் தொட்டதும் பையன் என் புடவைக்குள் புகுந்துகொண்டான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா மொதல்ல."

எல்லாரும் சிரித்தோம், கணவரைத் தவிர. அவர் தேங்காய் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனார். தேங்காய்க் கடை எதிரிலேயே இருந்தது. அரை மணி ஆயிற்று, ஆள் வரவில்லை. பையனைப் பிடுங்கி மாமியார் கையில் கொடுத்துவிட்டுத் தேடிப் போனேன். வளையல் கடையில் தொங்கிய கண்ணாடி முன்னால் நின்று, நெற்றிச் சுருளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கொழந்தை காத்துக்கிட்டு இருக்கான்."

"ஆபீஸ்ல சிரிப்பாங்க" என்றார். சுருளை விரலில் சுற்றிக்கொண்டே, "எனக்கு இங்க முடி எடுத்தப்ப நாலு பேரு அமுக்கிப் பிடிச்சாங்க. யாரும் கூட உக்காரலை" என்றார்.

எனக்கு அந்தப் பாவாடைப் படம் ஞாபகம் வந்தது. "தேங்காய் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டேன். நான் சொல்லியிருக்கக்கூடிய ஐந்தாறு நல்ல வார்த்தைகள் இப்போதுகூட அடிக்கடி ஞாபகம் வருகின்றன.

திரும்பி வந்தால், மாமனார் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நாவிதர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு உச்சி எப்போதோ பளபளப்பு. பின்னந்தலையில் ஒரு பிறை வடிவத்துக்கு நரைத்த முடி உண்டு, அவ்வளவுதான்.

"இதுல எதைங்க எடுக்கறது?" என்று நாவிதர் கேட்டார்.

"இருக்கறதை எடுப்பா" என்றார் மாமனார். அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டே இழுப்பில் முடிந்தது. பையன் பாட்டி கையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். மாமனார் எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் துண்டால் தட்டிவிட்டு, மகனைப் பார்த்தார். கணவர் தேங்காயை என் கையில் கொடுத்தார். போய் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதல் இழுப்பிலேயே நெற்றிச் சுருள் முழுசாகத் தரையில் விழுந்தது.

அப்போது அழுகைச் சத்தம் கேட்டது. பையன் இல்லை, மாமியார். "எம் புள்ளை முடியைப் பாரு, எம் புள்ளை முடியைப் பாரு" என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மும்முரத்தில் பேரனை விட்டுவிட்டார். அவன் கீழே இறங்கி, என்னைத் தாண்டி, அப்பாவின் மடியில் போய்த் தானாக உட்கார்ந்து, தலையைக் குனிந்து கொடுத்தான். ஒரு சிணுங்கல்கூட இல்லை. நாவிதர் அவிழ்த்துக் கொடுத்த சிவப்பு ரிப்பன் மட்டும் என் கையில் இருந்தது.

குளித்து, சந்தனம் பூசி, அம்மனைக் கும்பிட்டுவிட்டு மூன்று மொட்டைகளோடு திரும்பினோம். பஸ்ஸில் பையன் அப்பா மடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் தலையையும் தன் தலையையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டு வந்தான். நான் பின் சீட்டில். கொள்ளிடம் பாலம் வரும்வரை எனக்கு அவ்வளவு நிம்மதி. சடங்கு நடந்துவிட்டது, பையன் பிழைத்தான், பேராசிரியை சொல்லாமல் விட்டது என்னவாக இருந்தாலும் இனி நமக்கில்லை.

பாலத்தின் நடுவில்தான் தோன்றியது. சமயபுரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இவன் ஒரு தடவைகூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லையே. இது சரியா? இவ்வளவு சீக்கிரமா? அதைப் பற்றி நோட்டில் ஒன்றும் இல்லை.

யாரும் கவனிக்காதபோது முந்தானையை எடுத்து, முன் சீட்டின் முதுகில், அவன் கைக்கு எட்டுகிற மாதிரி போட்டு வைத்தேன். அவன் பார்த்தான். எட்டிப் பிடித்தான். அப்பாவின் மொட்டையில் வழிந்துகொண்டிருந்த சந்தனத்தை அதில் துடைத்துவிட்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.