மூன்று பவுன் சங்கிலியோடு குரோய்டன் மெற்றல் விழாவுக்கு

போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஸ்ரெல்லா அக்கா தன் மகள் றோஷினியின் கதையைச் சொன்னார். பிள்ளைக்குப் பதினேழு வயது. இந்த யூலையில் தென் லண்டனில் நடக்கும் ஒருநாள் ஹெவி மெற்றல் இசை விழாவுக்குச் சிநேகிதிகளோடு போகக் கேட்டிருக்கிறாள்.

“எலும்புக்கூடு போட்ட சட்டையளோட நிண்டு கத்துறதாம். குடும்பப் பிள்ளையள் போற இடமே அது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏனென்றால் அதே வயதில், அதே மாதிரியான ஒரு விழாவுக்கு நானும் போயிருக்கிறேன். பதின்மூன்று வருஷமாகிறது. இந்த வலைப்பூவை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும்: பிள்ளையோடு போகிற இடங்களில் தள்ளுவண்டி ஏறுமா, கழிவறை எங்கே, பிள்ளைக்குச் சாப்பாடு என்ன என்று எழுதுகிற ஆள். மூன்று வயது மகளுக்குத் திராட்சைப்பழத்தை இன்னமும் நாலாக வெட்டித்தான் கொடுக்கிறேன். இரவில் எழும்பி அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன். இப்படிப் பயந்த ஒருத்தி சொல்வதால் கொஞ்சம் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர் போனோம். ஜெனிற்றா, எங்கள் பங்குப் பிள்ளை, அவள் குடும்பம் மன்னார். அபர்ணா, என்னோடு ஒரே வகுப்பு, சென்னையிலிருந்து வந்த டாக்டரின் மகள், வீடு இல்ஃபோர்ட். பிறகு நான், மனோர் பார்க். ரிக்கெற் அன்று ஒருவருக்கு முப்பத்திரண்டு பவுண்ட்ஸ். பதினாறு வயதுக்கு மேல் பெரியவர்கள் துணையில்லாமல் வரலாம் என்று போட்டிருந்தது. (விழாவுக்கு விழா இது மாறும். வாங்க முன்னர் பாருங்கள்.)

அம்மாவிடம் உண்மை சொல்லவில்லை. அபர்ணா வீட்டில் இரசாயனம் படிக்கப் போகிறேன், வர இரவு பத்தாகும் என்றேன். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமைகளில் பின்னேர ஷிப்ட் முடித்து ஒன்பது மணிக்குத்தான் வருவார். அப்பா வார இறுதி முழுக்கப் பெற்றோல் ஷெட்டில். கணக்குச் சரியாக இருந்தது.

காலை 9.24க்கு மனோர் பார்க்கில் ரயில் ஏறினோம். பத்தொன்பது நிமிடத்தில் லிவர்பூல் ஸ்ரீட். அங்கே கழிவறையில் உடுப்பு மாற்றினோம், மேலே போட்டிருந்த பூப்போட்ட சட்டை பைக்குள், கறுப்பு ரீசேர்ட் வெளியே. அப்போதுதான் ஜெனிற்றா என் கழுத்தைப் பார்த்தாள்.

“விசரே உனக்கு? இதையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய்?”

நான் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்குக்கு அம்மா போட்ட சங்கிலி. மூன்று பவுன், முனையில் தங்கச் சிலுவை. சடங்கு நாளிலிருந்து கழுத்தை விட்டு இறங்காத சாமான். காலையில் கழற்றி வைத்திருந்தால் அம்மா வாசலிலேயே பிடித்திருப்பார். எங்கள் வீடுகளில் பிள்ளை வெளிக்கிடும்போது முகத்தைப் பார்க்க முன்னர் கழுத்தைத்தான் பார்ப்பார்கள்.

“கழட்டிப் பேக்ல வை,” என்றாள் அபர்ணா.

“பை துலைஞ்சா?”

“அப்ப ஊசி குத்து,” என்றாள் ஜெனிற்றா. “எங்கட அம்மா திருவிழாச் சனத்துக்குள்ள போகேக்க அப்பிடித்தான் குத்துறவ. ஒருத்தராலயும் இழுக்க ஏலாது.”

திருவிழாவுக்குப் போகும் அம்மாமார் சங்கிலியைச் சட்டையோடு சேர்த்து ஊசி குத்துவதைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறோம். அதைவிடப் பாதுகாப்பான வழி எங்கள் மூவருக்கும் தெரியாது. ஜெனிற்றாவின் பையில் கிடந்த இரண்டு பூட்டூசி, ரீசேர்ட்டின் கழுத்துக்கு உள்பக்கமாக, இறுக்கி. இந்த ஊசிகளை நினைவில் வைத்திருங்கள்.

லிவர்பூல் ஸ்ரீட்டிலிருந்து லண்டன் பிரிட்ஜ் நிலையத்துக்கு ஒரு மைலுக்குச் சற்று மேல், ஆற்றைக் கடந்து இருபது நிமிட நடை. 10.18 ரயில், பதினைந்து நிமிடத்தில் ஈஸ்ட் குரோய்டன். (இப்போது இவ்வளவு அலைச்சல் இல்லை. மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ஏறி ஃபாரிங்டனில் இறங்கினால், அதே நிலையத்தில் தெற்கே போகும் ரயில் இருக்கிறது. மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட.)

குரோய்டன் எனக்குப் புது இடமில்லை. ஆறு வயதில் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அங்குள்ள அந்தப் பெரிய குடிவரவு அலுவலகக் கட்டடத்தின் முன்னால் வரிசையில் நின்றிருக்கிறேன். குளிருக்குக் காலுறை இரண்டு சோடி. உள்ளே போனால் வாய் திறக்கக் கூடாது என்பது கட்டளை. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது எங்களுக்கு விசா கிடைத்தது. அதற்குப் பிறகு அம்மா குரோய்டனில் யாருடைய கல்யாணத்துக்கும் போனதில்லை. அன்று நிலையத்துக்கு வெளியே நின்றபோது அந்தக் கட்டடம் பத்து நிமிட நடைதான் என்று எனக்குத் தெரியும். நாங்கள் ட்ராம் ஏறி மற்றப் பக்கம் போனோம்.

ட்ராமிலிருந்து இறங்கிய பிறகு வழி கேட்கத் தேவையில்லை. கறுப்புச் சட்டைகளின் பின்னால் நடந்தால் சரி. பூங்கா வாயிலுக்கு எழுநூறு மீற்றர். வாயிலில் பையைச் சோதித்த காவல்காரப் பெண் ஈயத்தாளில் சுற்றிய பொதியைப் பிரித்து மணந்து பார்த்து, இது என்ன என்றார். மீன் ரோல்ஸ் என்றேன். “இதை நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் பிறர் பக்கத்தில் போய் நிற்கப் போகிறீர்களா? பாவம் அவர்கள்,” என்று சொல்லி உள்ளே விட்டார்.

உள்ளே நான் எதிர்பார்த்தது பேய்கள். கண்டது, காதுமூடி போட்ட குழந்தைகளைத் தோளில் வைத்திருந்த மொட்டைத் தலை அப்பாமார். கல்யாணக் கவுன் உடுத்த ஒரு தாடிக்காரர். கைத்தடியோடு வந்த வயதான தம்பதி. என் தங்கச் சிலுவையைப் பார்த்து “நல்ல சிலுவை” என்று ஒரு பெண் சொன்னாள். அவள் காதில் தொங்கிய சிலுவை தலைகீழாக இருந்தது. நன்றி என்றேன். வேறென்ன சொல்வது?

பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். நான் வளர்ந்தது கவுன்சில் ஃபிளாட் ஒன்றின் மூன்றாம் மாடி. கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார், கடிதம் வரும், கடிதம் வந்தால் பிறகு என்ன வருமோ என்ற பயத்தில் நாங்கள் நுனிக்காலில் நடந்தோம். அழுதால்கூடத் தலையணைக்குள். அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பெண் மேடையில் ஏறி வயிற்றிலிருந்து கத்தினாள். ஆயிரக்கணக்கானவர்கள் திருப்பிக் கத்தினார்கள். யாரும் முறைப்பாடு செய்யவில்லை. நானும் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

4.40க்கு பிட்டுக்குள் இறங்கினோம். பிட் என்பது மேடைக்கு முன்னால் சனம் வட்டமாக விலகி, நடுவில் ஆளோடு ஆள் மோதி ஆடுகிற இடம். பார்க்கச் சண்டை மாதிரி இருக்கும். இரண்டாவது பாட்டில் நான் சறுக்கினேன். விழ முன்னர் யாரோ என் ரீசேர்ட்டைப் பின்னால் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்கள். அது உதவி. ஆனால் சட்டை பின்னால் போக, ஊசியும் பின்னால் போக, ஊசியில் மாட்டியிருந்த சங்கிலி கழுத்தை அறுத்துக்கொண்டு தெறித்தது. சும்மா தொங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

நான் அந்த இடத்திலேயே முழங்காலில் இருந்துவிட்டேன். என்னைத் தூக்கியவர் குனிந்தார். கல்யாணக் கவுன் தாடிக்காரர்!

“காலா? கையா?”

“செயின்,” என்றேன். “தங்கம். அம்மா தந்தது.”

“அம்மா தந்ததா?” அவர் முகம் மாறியது. “அப்படியென்றால் நாம் எல்லோரும் செத்தோம்.” நிமிர்ந்து இரண்டு கையையும் விரித்து ஒரு சொல் கத்தினார்: “செயின்!”

பக்கத்தில் நின்றவர் கத்தினார். அதற்குப் பக்கத்தில் நின்றவர் கத்தினார். மேடையில் பாட்டு நிற்கவில்லை. ஆனால் எங்களைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் கைகளைக் கோத்து, வெளியிலிருந்து வந்த தள்ளு முழுவதையும் முதுகில் வாங்கிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். உள்ளே பத்துப் பேர் புல்லைத் தடவினார்கள். கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாடிக்காரரும் தவழ்ந்தார். முதலில் சங்கிலி வந்தது, ஒரு கை தலைக்கு மேலே தூக்கிக் காட்டியது. கடைசியில் சிலுவை, யாருடையதோ சப்பாத்தின் அடியில், சேற்றோடு. அது வந்ததும் கோல் அடித்த மாதிரிச் சத்தம். ஒரு பாட்டு நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பின்னால் மரத்தடியில் இருந்து மீன் ரோல்ஸ் சுற்றியிருந்த ஈயத்தாளில் சங்கிலியைப் பொதிந்தேன். அபர்ணாதான் முதலில் தெளிந்தாள்.

“எங்க வீட்டுப் பக்கத்துல நகைக்கடை இருக்கு. ஏழு மணி வரைக்கும் தொறந்திருப்பாங்க. இப்பவே கிளம்பினா போயிடலாம். அரை மணி நேரத்துல பத்த வெச்சுத் தந்துடுவாங்க, உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்றேன் கேளு.”

“ஓம், போவம்,” என்றாள் ஜெனிற்றா. “உன்ர கொம்மா அறிஞ்சா எங்கட அம்மாவுக்குப் போன் எடுப்பா. மூண்டு பேரும் முடிஞ்சம்.”

மணி 5.05. நாங்கள் எதற்காக வந்தோமோ அந்த நோர்வே குழு 6.30க்குத்தான் ஏறும். அயலில் வீடுகள் இருப்பதால் எட்டு மணிக்கு எல்லாம் நிறுத்த வேண்டும். ஒன்றில் கடை, அல்லது அந்தக் குழு. நின்றால் அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஈயத்தாளை இறுக்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். பிறகு, “நான் போகேல்லை. நிண்டு பாத்திட்டுத்தான் வாறன். அம்மாக்கு நானே சொல்லுறன்,” என்றேன்.

“சாகப் போறாய்,” என்றாள் ஜெனிற்றா.

“அப்ப பாத்திட்டுச் சாகிறன்.”

இருவரும் என்னோடு நின்றார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது 9.35. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா கதவைத் திறந்தார். கழுத்தைப் பார்த்தார்.

“செயின் எங்க?”

ஈயத்தாளை நீட்டினேன். “அறுந்துபோச்சு. அம்மா, நான் அபர்ணா வீட்டை போகேல்லை. குரோய்டனுக்குப் போனனான்.”

அம்மாவின் கை கதவுப் பிடியிலேயே நின்றுவிட்டது. “குரோய்டனுக்கோ? என்ன கடிதம் வந்தது? ஏன் எனக்குக் காட்டேல்லை? அப்பாக்குத் தெரியுமோ?”

அடி விழும், ஏச்சு விழும் என்று வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தக் கேள்வியை நான் நினைக்கவேயில்லை.

“கடிதம் ஒண்டும் இல்லை அம்மா. பாட்டுக் கேக்கப் போனனான்.”

“பாட்டுக் கேக்கவோ?” அம்மா சப்பாத்து வைக்கும் தட்டின் மேலேயே இருந்துவிட்டார். “குரோய்டனுக்கோ? பாட்டுக் கேக்கவோ?” இரண்டு மூன்று தரம் கேட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகுதான் ஏச்சு வந்தது. அதில் குறையொன்றும் இல்லை. ஆறு கிழமைக்குப் பள்ளிக்கூடம், பூசை தவிர வெளியே போகத் தடை. ஜெனிற்றா வீட்டுக்கும் போன் போனது.

ஏச்சின் நடுவில் திடீரென்று நிறுத்திக் கேட்டார். “இந்தச் சின்னச் சிலுவையை ஆர் எடுத்துத் தந்தது?”

“தெரியாது. அறுபது பேர் மட்டில நிண்டு தேடினவை.”

“அறுபது பேரோ? அதில ஒருத்தனும் பொக்கெற்றுக்க வைக்கேல்லையோ?” அம்மா சிலுவையின் சேற்றைப் பெருவிரலால் துடைத்தார். பிறகு ஏச்சைத் தொடர்ந்தார்.

அம்மாவுக்கு இன்றைக்கும் அது “அந்த இரைச்சல்”தான். மனம் மாறிவிட்டார் என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் அடுத்த வருஷம் யூலையில் உண்மையைச் சொல்லி, எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு என்று தாளில் எழுதிக் கொடுத்துக் கேட்டேன். அம்மா தாளைக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். அடுத்த நாள் சமைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “செயினைக் கழட்டி வைச்சிட்டுப் போ.”

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். காதடைப்பான் கட்டாயம், மூன்று பவுண்ட்ஸுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும். நான் போடாமல் போய் இரண்டு நாள் காதுக்குள் வண்டு இரைந்தது. வெறுமையான தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள், உள்ளே நிரப்பலாம். கூட வந்தவர்களைத் தவறவிட்டால் சந்திக்க ஒரு மரத்தைக் குறித்து வையுங்கள், ஃபோன் வேலை செய்யாது. நிறைவெறியில் உங்களை உரசுகிறவர்களும் இருப்பார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். பாதுகாவலரிடம் போங்கள், அல்லது பக்கத்தில் நிற்கும் மிகப் பயங்கரமான உருவத்தோடு உள்ள ஆளிடம் சொல்லுங்கள். சாமான் விழுந்தால் நீங்கள் குனிய வேண்டாம், சத்தமாகக் கத்துங்கள். தங்கம் வீட்டில். ஊசி குத்தாதீர்கள்.

ஸ்ரெல்லா அக்கா, அன்றைக்கு மண்டபத்தில் உங்களோடு சேர்ந்து சிரித்ததற்கு வெட்கப்படுகிறேன். பதினேழு வயதில் அம்மாவுக்கு முன்னால் நின்று சொன்ன எனக்கு, முப்பது வயதில் தேநீர்க் கோப்பையோடு நின்ற நாலு பேருக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. குடும்பப் பிள்ளைகள் போகிற இடமா என்று கேட்டீர்கள். ஓம் அக்கா. நான் போனேன்.

இந்தக் கட்டுரையை எங்கள் பங்கு அம்மாமாரின் வட்ஸ்அப் குழுவில் என் பெயரோடுதான் போடுகிறேன். றோஷினியைத் தனியே விடப் பயமென்றால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்கும் பயம்தான், இரண்டு பேரும் சேர்ந்தே பயப்படலாம். விழா நாளன்று காலை ஒன்பது மணிக்கு மனோர் பார்க் நிலைய வாசலில் நிற்பேன். கறுப்பு ரீசேர்ட், வெறும் கழுத்து. தேடிப் பிடிக்கக் கஷ்டமிருக்காது.