உள்ளே இழுத்த தோல்வார்

மலை தாண்டி அமெரிக்காவின் கென்டக்கிக் காட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து கெசையா டாலிவருக்கு ஒரு விஷயத்தில் பெருமை. அவள் வீட்டுத் தாழின் தோல்வார் எப்போதும் கதவு ஓட்டை வழியே வெளியேதான் தொங்கும். வருகிறவர் அதை இழுத்தால் உள்தாழ் மேலெழும், கதவு திறக்கும். வேட்டைக்காரனோ போதகரோ, யார் வந்தாலும் சோளரொட்டி உண்டு. ஊரார் சொல்லிச் சொல்லியே அவளை உச்சாணிக்கொம்பில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவளும் சுகமாக உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷன் எனோஸ் உப்புக் காய்ச்சப் போயிருந்த மழைக்காலம் அது. ஓடைக்கரைக் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் என்னும் தொற்றுநோய் கண்டிருந்தது. சுவர்க்கட்டைகளின் இடுக்கு வழியே கெசையா பார்த்தாள். பக்கத்து வீட்டு டார்கஸ், போர்வையில் சுற்றிய மகளைச் சுமந்துகொண்டு சேற்றில் வந்துகொண்டிருந்தாள். இங்கே தொட்டிலில் கெசையாவின் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் யோசிக்கவில்லை. வாரை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வாசலில் காலடி நின்றது. வார் உள்ளே போயிருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆளில்லாத வீட்டில் அதை யார் இழுப்பார்கள்?

"கெசையா, மழையில எங்க புகைபோக்கி இடிஞ்சு விழுந்துருச்சுடி. அடுப்பே நனைஞ்சுபோச்சு. புள்ள வெடவெடன்னு நடுங்குது. உன் அடுப்போரமா கொஞ்சம் படுக்க வச்சுக்கிறேனே."

கெசையா மூச்சுக் காட்டவில்லை. டார்கஸ் சற்று நேரம் நின்றுவிட்டு நடந்தாள். அடுத்த வீடு வெகுதூரம். போகிற வழியிலேயே குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

பனி உருகியதும் போதகர் வந்து கூட்டம் போட்டார். "இந்தக் கரையில வார் உள்ள போகாத வீடுன்னா அது நம்ம கெசையாம்மா வீடுதான்" என்றார்.

"அவங்க வீட்டுக்குத் தாழே தண்டம் ஐயா" என்றான் ஒரு வேட்டைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். டார்கஸ் மட்டும் கெசையாவையே பார்த்தாள். கெசையாவுக்குக் காது மடல் வரை எரிந்தது. பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது.

கூட்டம் கலைந்ததும் டார்கஸின் பின்னாலேயே ஓடினாள். "அக்கா, அன்னிக்கு நான் உள்ளதான்..."

"தெரியும்."

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேங்க்கா. மனசு அறுக்குது."

"சொன்னா உன் பாரம் இறங்கிரும். என்னுது? ஊரு புகழட்டும். நீ கேட்டுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு டார்கஸ் போனாள்.

கெசையாவும் கேட்டுக்கொண்டே இருந்தாள். மகன் வளர்ந்தான், எனோஸ் போய்ச் சேர்ந்தான், தலை நரைத்தது. டார்கஸ் வாயைக் கட்டிவிட்டாள், இல்லையென்றால் என்றைக்கோ சொல்லியிருப்பேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு டார்கஸும் செத்தாள். இனித் தடுக்க யாருமில்லை. அடக்கத்துக்கு வந்த புதுப் போதகர் கெசையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பக்கத்து வீடாச்சே. அந்தம்மாவோட கஷ்டகாலத்துல உங்க வீடுதான் தாங்கியிருக்கும், இல்லம்மா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னால முடிஞ்சதச் செஞ்சேன் ஐயா" என்றாள் கெசையா.