ஓரக்கை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். எழுத்து கோணலாக வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எங்காவது போய்விடுவேன். மறதியும் ஜாஸ்தியாகிவிட்டது. மறந்ததை இட்டுக்கட்டிச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கோபம் ஆறிவிட்டால் இதை எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில். பெரிய ரோடு ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் ஷூ கம்பெனி. எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிற இடம், ரேஷன் கடை, எங்கள் வீடுகள். ரோட்டுக்கு நடுவில் இடுப்பு உயரத்துக்குச் சுவர் கட்டியிருக்கிறார்கள். கம்பெனி கேட்டுக்கு நேராக மட்டும் அந்தச் சுவரில் ஒரு சந்து. சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் அத்தனை பெண்களும் அந்தச் சந்து வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும். நானும் முட்டி போகிற வரைக்கும் அப்படித்தான் வந்தேன். தையல் லைனிலேயே, ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவுகிற டேபிளில் எனக்கு வேலை.

ரோட்டைக் கடக்க எங்களுக்கு ஒரு முறை இருந்தது. தனியாகப் போனால் எந்த லாரிக்காரனும் நிறுத்த மாட்டான். அதனால் பத்துப் பதினைந்து பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை கோத்துக்கொள்வோம். எங்கள் டிபார்ட்மெண்ட் கேட்டுக்கு ஒட்டியே இருந்ததால் முதல் வரிசை எப்போதும் நாங்கள்தான். நாங்கள் இறங்கி வண்டிகளை நிறுத்திவிட்டால் பின்னால் எல்லாரும் வந்துவிடுவார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகளை வரிசையின் நடுவில் விடுவோம். வண்டி வருகிற பக்கத்துக் கடைசி ஆளுக்கு ஒரு கைதான் பிடியில் இருக்கும். இன்னொரு கையை நீட்டி வண்டியை நிறுத்துவது அவள் வேலை. அதை ஓரக்கை என்போம்.

முதல் பாதி ரோட்டில் வண்டி வலது பக்கமிருந்து வரும். சந்தைத் தாண்டினால் இடது பக்கமிருந்து வரும். அதனால் ஓரக்கைக்காரி சந்தில் வரிசையை நிற்கவைத்துவிட்டு, பின்பக்கமாகச் சுற்றி வந்து அடுத்த ஓரத்தில் நிற்பாள். அதுவரைக்கும் ஒருத்தி காலும் நகராது. சுவரில் விட்ட சந்து எங்களுக்கு வழி மட்டுமில்லை, நின்று மூச்சு விடுகிற இடமும் அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஓரத்தில் ஒரு அக்கா நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச காலத்தில் அவள் வேலையை விட்டுவிட்டாள். அப்புறம் யார் யாரோ நின்றார்கள். என் வீட்டுக்காரர் செத்து, காரியமெல்லாம் முடிந்து நான் மறுபடியும் வேலைக்குப் போன அன்று சாயங்காலம், வரிசையின் நடுவில் என் இடம் இல்லை. எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருந்தார்கள். ஓரம்தான் காலியாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போய் நின்றேன். வேலையை விடுகிற வரைக்கும் அங்கேதான் நின்றேன். பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்டார்கள், நமக்கென்ன என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

எனக்குப் பிறகு ஓரத்தில் நின்றவள், புருஷன் விட்டுவிட்டுப் போன ஒருத்தி. போன மழைக்காலத்தில் அவள் மேல் பைக் ஏறிக் கால் எலும்பு முறிந்துபோனது. அதற்குப் பிறகுதான் ரோட்டை மாற்றியமைக்க வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. வேலூரிலிருந்து அதிகாரிகள் வந்து அளந்தார்கள். கல்யாண மண்டபத்தில் பொதுமக்கள் கருத்தைக் கேட்கப்போவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். வேலை நாள், காலை பதினோரு மணி. அந்த நேரத்தில் பெண்களெல்லாம் மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

என் மருமகள் அதே கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். என் மகன் மஞ்சள் காமாலையில் போனதிலிருந்து வீட்டுக்குச் சம்பாதிப்பவள் அவள்தான். பேத்தி பன்னிரண்டாவது படிக்கிறது. மருமகள்தான் என்னை மீட்டிங்குக்கு அனுப்பினாள்.

"எனக்கு இன்னாம்மா பேசத் தெரியும்?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் பேச வாணாம் அத்த. சும்மா ஒக்காந்து யாரு இன்னா சொல்றாங்கன்னு கேட்டுகினு வந்து சொல்லுங்க."

போனேன். மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. இருந்ததெல்லாம் கடைக்காரர்கள், வண்டி வைத்திருப்பவர்கள். பெண் பிள்ளைகள் என்று பார்த்தால் நானும், பெருக்குகிற அம்மாவும். அதிகாரி சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினார். சுவரில் படம் மாட்டிக் காட்டினார். கம்பெனிக்கு எதிரே இருக்கிற சந்தை அடைத்துவிடுவார்களாம். பெட்ரோல் பங்க் தாண்டி வண்டிகள் திரும்ப ஒரு பெரிய வழி விடுவார்களாம். நடப்பவர்களுக்கு மேலே ஏறிப்போகிற பாலம் வருமாம்.

கம்பெனி பக்கத்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கிற பாய் எழுந்து, "பாலம் எப்போ சார் வரும்?" என்றார்.

"அது அடுத்த கட்டம். ஃபண்ட் வந்ததும்."

"அப்போ அது வர்ற வரைக்கும் பொண்ணுங்க எப்படி சார் வரும்?"

"பங்க் கிட்ட வந்து கிராஸ் பண்ணலாம்."

"லாரி திரும்பற எடத்துலயா? ஸ்பீட் பிரேக்கர் போட்டு சிக்னல் வெச்சா தேவலாம் சார். சாயங்காலம் ஒரு போலீஸ்."

முன் வரிசையிலிருந்து டைல்ஸ் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "பாய்க்கு பொண்ணுங்க மேல அக்கறை இல்ல சார். சந்த மூடினா குஸ்கா போணியாகாது, அந்த பேஜார்."

எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரித்துவிட்டார், "அதுவும் தான், இல்லன்னு சொல்லல" என்றார்.

டைல்ஸ் கடைக்காரருக்குச் சிரிப்பு கிடைத்ததும் உற்சாகம் வந்துவிட்டது. "கம்பெனி பொம்பளைங்க ரோட்ட ரோடா மதிக்கறதில்ல சார். கைய கோத்துகினு கோயிலு சுத்தற மாதிரி நடக்கறாங்க. எவ்ளோ ஹார்ன் அடிச்சாலும் காதுல வாங்கறதில்ல. டெய்லி அரை மணி நேரம் வண்டி நகராது. ஒரு ஆடு எறங்கினா அத்தனையும் எறங்குது. மொதல்ல சந்த அடைங்க, தானா ஒழுங்குக்கு வருவாங்க."

காது எப்படிக் கேட்கும்? நாள் பூராவும் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு ஹார்ன் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாது. அதற்குத்தானே ஓரக்கை. இதெல்லாம் என் தொண்டை வரைக்கும் வந்தது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அதிகாரி என்னைப் பார்த்துவிட்டார். மைக்கைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்.

"நீங்க ஏதாச்சும் சொல்லணுமாம்மா?"

மைக்கைக் கையில் வாங்கினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அது மைக்கில் மண்டபம் பூராவும் கேட்டது.

வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. அங்கே இங்கே சுற்றிவிட்டு, சாயங்காலம் பாய் கடைப் படியில் உட்கார்ந்து ஷிப்ட் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டதிலிருந்து நான் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போனதே கிடையாது. கேட் திறந்தது. முதல் வரிசை கை கோத்து இறங்கியது. ஓரத்தில் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வேன் அவள் புடவையை உரசுகிற மாதிரி வந்து நின்றது. அவள் டிரைவரைப் பார்க்கக்கூட இல்லை. நான் நின்ற மாதிரியே நின்றாள். சந்தில் சுற்றி வந்து இந்தப் பக்கம் திரும்பியபோதுதான் முகம் தெரிந்தது. என் மருமகள்.

வீட்டில் சோறு போடும்போது கேட்டேன்.

"எத்தினி நாளா ஓரத்துல நிக்கற?"

"அந்தக்கா கால் ஒடிஞ்சதுல இருந்து."

"யாரு நிக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. யாராச்சும் நிக்கணும் இல்ல அத்த."

"ஏன், தையல் லைன்ல வேற பொம்பளையே இல்லியா? ஒனக்கு பொண்ணு இல்லியா?"

"மத்தவங்களுக்கு கைக்கொழந்தை கீது. வூட்டுக்காரர் இருக்கறாங்க." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"புருஷன் இருக்கறவ உசுரு ஜாஸ்தி, இல்லாதவ உசுரு கம்மியா?"

"நீங்க நின்னப்போ யாருகிட்டயாவது கேட்டீங்களா அத்த?"

ராத்திரி பூராவும் கோபம். டைல்ஸ் கடைக்காரர் மேல் மட்டும் இல்லை. அவர் எங்களை ஆடு என்றார், யார் கசாப்புக்கு முன்னால் போவது என்று நாங்களே பேசாமல் முடிவு பண்ணி வைத்திருக்கிறோமே, அந்தக் கோபம். என் கையை விட்டுவிட்டு நடுவில் கை கோத்துக்கொண்ட அந்த இரண்டு பேர் மேல், இத்தனை வருஷம் கழித்து, முதல் முறையாகக் கோபம். அவர்கள் நல்லவர்கள். என் வீட்டுச் சாவுக்குச் சோறு ஆக்கிக்கொண்டு வந்தவர்கள்.

மறுநாள் சாயங்காலம் கேட்டுக்குப் போய் நின்றேன். வரிசை சேர்ந்ததும் மருமகள் ஓரத்துக்கு வந்தாள். அவளுக்கும் வண்டி வருகிற பக்கத்துக்கும் நடுவில் போய் நின்று அவள் கையைப் பிடித்தேன்.

"அத்த, இன்னா பண்றீங்க. வூட்டுக்கு போங்க."

"வூட்டுக்குத்தான் போறேன். நட."

"ஒங்களால வேகமா வர முடியாது."

"வேகமா வர்றேன்னு யாரு சொன்னா?"

பின்னால் கூட்டம் நெருக்கியது. இறங்கிவிட்டோம். என் முட்டி மடங்காது, காலை இழுத்து வைத்துத்தான் நடப்பேன். வரிசை பூராவும் என் நடைக்கு நடந்தது. கையை நீட்டிக்கொண்டே போனேன். ஹார்ன் காதைக் கிழித்தது. சந்தில் நின்று, சுற்றி வந்து அடுத்த ஓரத்துக்குப் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. மருமகள் அங்கே எனக்கு முன்னால் வந்து நின்றாள். நான் அவளைத் தள்ள, அவள் என்னைத் தள்ள, ரோட்டு நடுவில் மாமியாரும் மருமகளும் சண்டை. வரிசையில் சிலர் சிரித்தார்கள். கடைசியில், "மொதல் பாதி நீங்க, இந்த பாதி நான், அதுக்கு மேல பேசாதீங்க" என்றாள். சரி என்றேன்.

அப்படியே தினமும் போனேன். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, நின்ற வண்டிகளில் டைல்ஸ் கடைக்காரரின் பைக்கும் இருந்தது. என் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

"ஆயா, சீக்கிரம் போ ஆயா. கட தொறந்து கெடக்குது."

"முட்டி வலிக்குதுப்பா."

"வலிக்குதுன்னா வூட்ல இருக்க வேண்டிதானே."

"வூடு அந்தாண்ட கீது. சந்த மூடிட்டா இன்னும் சுத்திகினு வரணும். அப்போ இன்னும் லேட்டாகும், நில்லு."

மண்டபத்தில் வராதது ரோட்டில் வந்தது. அவர் ஹார்னிலிருந்து கையை எடுத்தார், அவ்வளவுதான். மனசு மாறினார் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன்.

அன்றைக்கே சந்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கருத்துக் கேட்டாகிவிட்டதாம், எதிர்ப்பு ஒன்றும் இல்லையாம். என்னுடைய 'ஒண்ணும் இல்லீங்க'வும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். அதிகாரி டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவரே கேட்டார், "என்னம்மா?"

"மறுபடியும் ஒரு மீட்டிங் வெய்யுங்க. ஞாயித்துக்கெழமை வெய்யுங்க."

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவும்மா."

"அன்னிக்குத்தாங்க அவங்களுக்கும் லீவு. நடக்கறவங்கள கேக்காம எப்படிங்க அடைப்பீங்க?"

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். இதை எழுதுகிற வரைக்கும் சேதி இல்லை. கட்டைகள் அப்படியே கிடக்கின்றன. ஒருத்தி அதன் மேல் சோற்றுப் பையை வைத்துவிட்டுப் புடவையைச் சரி செய்கிறாள்.

போன வாரம் எனக்குக் காலில் நீர் கோத்துக்கொண்டது. இனிமேல் போக முடியாது. அன்றைக்கு வரிசையில், புதிதாகக் கல்யாணமான துலுக்க வீட்டுப் பெண் ஒருத்தி ஓரத்துக்கு வந்து, "அக்கா, இன்னிக்கு நான்" என்றாளாம். நாளைக்கு யார் என்று என் மருமகள் கேட்டதற்குச் சிலர் கையைத் தூக்கினார்களாம். சிலர் தரையைப் பார்த்தார்களாம். யார் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. முறை போட்டு நிற்பது நல்லதுதான். ஆனால் முறை போட்டு அடிபடுவதற்கா ஒரு ரோடு?

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் வைத்தால் இதை யாராவது அங்கே படித்துவிடுங்கள், மைக்கில் எனக்கு வராது. அதற்கு முன்னால் நான் எழுதியதில் தப்பு இருந்தால் பார்த்துத் திருத்துங்கள். கட்டைகளை இறக்கியது நான் சொன்ன அன்றைக்குத்தானா, மண்டபத்தில் அதிகாரி சொன்னது இப்படித்தானா என்று பாய் சொல்லுவார். இன்னொன்றும் வேண்டும். நான் சேர்ந்தபோது ஓரத்தில் நின்ற அந்த அக்கா, அவளும் புருஷன் இல்லாதவள்தான் என்று எனக்கு ஞாபகம். அவளுக்குப் பிறகு நின்றவர்களும் அப்படித்தானா என்று தெரியவில்லை. கம்பெனியில் அந்தக் காலத்தில் இருந்த யாராவது இதைப் பார்த்தால் சொல்லுங்கள். என் ஞாபகம் தப்பு என்று சொன்னால் எனக்கு நல்லது.