காருக்குள் ஓர் ஊளை

கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் வரலாறு படிப்பிக்கிறேன். நாற்பது வயதில் ஒரு பழைய கார் வாங்கினேன். வாங்கிய கிழமையே அதில் பாட்டுச் செட் பூட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. பாட்டின் மேல் பெரிய பிரியம் என்று சொல்ல முடியாது. நான் பிறந்த லயத்து வரிசை வீடுகளைக் கடந்து போகும்போது உள்ளே இருப்பவர்கள் தலையை நீட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பூட்டித் தந்தவன் என் மனைவியின் தம்பி. கொழும்பில் ஒரு ரேடியோக் கடையில் ஏழு மாதம் வேலை செய்தவன். அதன் பிறகு கரண்டில் ஓடும் எந்தச் சாமானைப் பற்றியும் அவனிடம் யாரும் எதிர்க் கேள்வி கேட்க முடியாது. ரேடியோவை முன்னால் வைத்தான். சத்தத்தைக் கூட்டித் தரும் எம்பிளிஃபயரைப் பின்னால் டிக்கியில் வைத்தான்.

முதல் பயணம் ஹட்டனுக்கு. பாட்டுக்கு அடியில் மெல்லிய ஊளை ஒன்று கேட்டது. எக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறியது, விட்டால் இறங்கியது. ஏற்றத்தில் பாடகரையே முந்திக்கொண்டு போனது.

"அது மல ஏத்தம் மச்சான். சிக்னல் அப்படித்தான் வரும்," என்றான் பக்கத்தில் இருந்த மைத்துனன்.

பாட்டு பென் டிரைவிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பென் டிரைவுக்கு எந்த மலையிலிருந்து சிக்னல் வருகிறது என்று நான் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன்.

அடுத்த கிழமை ஹட்டனில் ஒரு கடைக்காரர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஸ்பீக்கர் சரியில்லைங்க சேர்," என்றார். புது ஸ்பீக்கர் போட்டோம். ஊளை இப்போது துல்லியமாகக் கேட்டது. கார் வாங்கிய அன்று டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லை என்றார் மாமியார். பட்டதாரி ஆசிரியனான நான் மறுபடி நான்கு டயருக்கும் நான்கு பழம் வைத்து ஏற்றினேன். பழம் நன்றாகவே நசுங்கியது.

பிறகு ஒரு கூட்டத்துக்காக எங்கள் பாடசாலை அதிபரை நுவரெலியாவுக்கு ஏற்றிப் போனேன். பாதி வழியில் அவர் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"சேர், பூன ஏதும் மாட்டிக்கிட்டிருக்கா?"

என் மனைவி அதே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டம் அவள் பாடம். இந்த மூன்று கிழமையில் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் அவளாகவே, "ஏர்த் வயர எங்க பூட்டுனான்?" என்றாள். "ஒனக்கு இது வெளங்காது," என்றேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவளே வந்து காருக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணி மிதிங்க."

மிதித்தேன். ரேடியோவின் சத்தத்தை முழுதாகக் குறைத்தாள். பாட்டு நின்றது, ஊளை நிற்கவில்லை. இறங்கிப்போய் எம்பிளிஃபயருக்கு ரேடியோவிலிருந்து வரும் பாட்டு வயர்களைக் கழற்றினாள். ஊளையும் நின்றது.

"எம்பிளிஃபயர் நல்லாத்தான் இருக்கு. கோளாறு முன்னுக்கு, ரேடியோ பக்கம்."

என்ஜினை நிறுத்தி, பற்றரி வயரைக் கழற்றச் சொல்லி, ரேடியோவை வெளியே இழுத்தாள். கரண்ட் கார் உடம்புக்குத் திரும்பிப் போக வேண்டிய கறுப்பு ஏர்த் வயரை மைத்துனன் உள்ளே ஒரு தகட்டில் முறுக்கியிருந்தான். தகடு முழுக்க பெயின்ட்.

"பெயின்ட்டுல கரண்ட் போகுமாங்க? இந்தப் பக்கம் வழியில்லன்னா அது பாட்டு வயர் வழியா போகும். என்ஜினோட இரைச்சலும் அதோட சேந்து வரும்."

சேண்ட் பேப்பரால் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, வயரை இறுக்கினாள். பற்றரியை மாட்டி எல்லாவற்றையும் பழையபடி பூட்டிய பிறகு எவ்வளவு மிதித்தும் ஊளை வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

ஞாயிறு வந்த மைத்துனன் கேட்டுப் பார்த்துவிட்டு, "ஓடி ஓடி தானா சரியாயிரும்னு எனக்குத் தெரியும் மச்சான்," என்றான். அவன் அக்கா தேத்தண்ணி கொடுத்தாள், சீனி போடாமல்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அதிபர் பூனையை விசாரித்தார்.

"ஏர்த் பிரச்சினைங்க சேர். கண்டுபிடிச்சிட்டோம்," என்றேன்.

அடுத்த மேசையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே கேட்டாள்: "கண்டுபிடிச்சிட்டோம்னா, யார் யாருங்க?"

எனக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அந்த நேரத்தில் எனக்கு வகுப்பு இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.