வலப்பக்கக் குச்சி

1991 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. விடியும்போது சாரல் தூறி ஓய்ந்திருந்தது. வாசல் தெளித்தேன், பால் காய்ச்சினேன், ஞாயிறுதோறும் செய்வதுபோல அலமாரிகளைத் துடைத்தேன். என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்து ஜன்னல் விளிம்பில் இருக்க வேண்டியது, கட்டிலின் தலைமாட்டில் கிடந்தது. எடுத்துத் துடைத்து, அதன் இடத்தில் வைத்தேன்.

தை மாதம் மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் மிஷினில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. மூன்று விரல்கள் போயின. மிஞ்சியவை கட்டைவிரலும் சுண்டுவிரலும், அவையும் மடங்கவில்லை. பந்தை அழுத்திப் பழகினால் மடங்கலாம் என்றார் டாக்டர். நான் பார்த்து இவர் அதைத் தொட்டதில்லை. ராஜபாளையத்தில் தெரிந்தவர்கள் அதிகம் என்பதாலேயே வெளியே போவதை விட்டுவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் கை துண்டுக்குள் போய்விடும்.

முந்தைய தீபாவளிக்கு அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கார் வாங்கி வந்திருந்தார். மேடு பள்ளத்தில் ஓடும் சின்னக் கார், ரேடியோவால் ஓட்டுவது. துண்டு துண்டாகத்தான் வரும். நாமே பூட்ட வேண்டும். மில்லில் ஃபிட்டரான இவர் பின்சக்கரங்கள் வரை பூட்டியிருந்தார். விபத்துக்குப் பிறகு மீதி கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஆனி மாதம் நான் அதை வெளியே எடுத்தேன். பொடித் திருகுகளைப் பணியாரச் சட்டியின் குழிகளில் வகை பிரித்து வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பூட்டினேன். குலுக்கலைத் தாங்கும் குழாய்களுக்கான எண்ணெய் சிந்திப்போயிருந்ததால் தையல் மிஷின் எண்ணெயை ஊற்றினேன். மேல்கூடு மெல்லிய பிளாஸ்டிக். முட்டினால் விண்டுவிடும் என்று உள்பக்கம் பேண்டேஜ் துணியைப் பசை தடவி ஒட்டினேன். அவர் கைக்குக் கட்டியதுபோக மீந்த துணி. கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு தடவை, “ரொம்ப இறுக்காத, மரை போயிரும்” என்றார்.

ஓட்டுகிற பெட்டியில் இரண்டு குச்சிகள். இடது குச்சி வேகத்துக்கு, வலது குச்சி திருப்புவதற்கு. பெட்டியை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வலது குச்சியைக் கழற்றிவிட்டு, வயரை நீட்டி, பழைய டிரான்சிஸ்டரின் குமிழ் ஒன்றை இடப்பக்கமே பொருத்திக் கொடுத்தார். இனி இடது கை மட்டும் போதும். வலப்பக்க ஓட்டையை நான் தகடு வெட்டி, நான்கு திருகு போட்டு மூடி, அதே கறுப்பில் சாயமும் பூசினேன். அங்கே ஏதோ இருந்தது என்றே யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிறு மாலை, ஆளே வராத இடம் என்று சொல்லித்தான் அவரைக் கிளப்ப முடிந்தது. சோழபுரம் பக்கம் கண்மாய் வறண்டு கிடந்தது. பெட்டியை வார் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டேன். கார் வெடிப்புகளைத் தாண்டிக் குதித்து ஓடியது. கரையில் ஆடு மேய்த்தவர் இறங்கி வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, இது கடிக்குமா? எங்க கிடா மிரண்டு நிக்கான்!”

“கடிக்காது, முட்டத்தான் செய்யும். கிடாவப் பிடிச்சுக்கிடும்.”

ஏழு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“ஒத்தக் கையிலயே இம்புட்டு ஓட்டுதீகளே! அந்தக் கையும் இருந்தா ஊரையே சுத்தி வந்துருவீக போல.”

ஆட்டுக்காரர் மெச்சித்தான் சொன்னார். கார் நின்றுவிட்டது. ஆட்டுக்காரர் கரையேறிப் போனார். பிறகு இவர் துண்டிலிருந்து வலது கையை எடுத்து, பெட்டியின் தகட்டைக் கட்டைவிரலால் தடவினார். விரல் கொஞ்சம் மடங்கியது.

“இங்கன இருந்த குச்சி எங்கட்டி?”

“எடுத்துட்டேன். ஒங்களுக்கு லேசா இருக்கட்டும்னுதான்...”

“டாக்டரு ரெண்டு விரல விட்டு வச்சாரு. நீ அதையும் எடுத்துட்ட.”

காரை நான் தூக்கிக்கொண்டேன். அவர் முன்னால் நடந்தார். துண்டு மறுபடி கையைச் சுற்றிக்கொண்டது. காலையில் பந்து ஏன் தலைமாட்டில் கிடந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டார், சாப்பிட எழவில்லை.

கழற்றிய குச்சியையும் அதன் ஸ்பிரிங்கையும் நான் எறிந்திருக்கவில்லை. மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மறுநாள் காலை, பாலை அடுப்பில் வைப்பதற்கு முன்பாகவே, தகட்டின் நான்கு திருகுகளையும் கழற்றினேன்.