எங்க ஊருக்காரர்

என் மகள் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறாள். சமூகவியல். வீட்டில் யாருக்கும் புரியாத படிப்பு என்று நான் அவளைக் கிண்டல் செய்வதுண்டு. புரியாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் குடியேறிய இரண்டு கூட்டத்தாரை ஒப்பிட வேண்டுமாம். ஒரு பக்கம் போலந்து, உக்ரைன் பக்கத்திலிருந்து போன ஸ்லாவ் மக்கள். இன்னொரு பக்கம் மெக்சிகோக்காரர்கள். எப்படி வந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள், வீடு வாங்கினார்களா, பிள்ளைகள் படித்தார்களா என்று கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை போட்டிருந்தாள். நான் தோசை ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

"ரெண்டு பேருமே ஏழையாத்தான் போயிருக்காங்க பா. ஒரே மாதிரி வேலை. இறைச்சி வெட்டுற ஃபேக்டரி, ரயில் ரோடு, அந்த மாதிரி. ஆனா பேரப்பிள்ளைங்க காலத்துல பாத்தா அவுட்கம் வேற வேற."

"ஏன், ஒருத்தன் சோம்பேறியா?" என்று கேட்டேன். அவளைச் சீண்டுவது எனக்குப் பொழுதுபோக்கு.

"அப்பா! அப்படி எழுதினா என் டியூட்டர் ஃபெயில் போட்ருவாங்க லா. உழைப்பு இல்ல பா மேட்டர். ஒரு குரூப்புல நிறையப் பேர 'இருந்துக்கோ'ன்னு சொன்னாங்க. இன்னொரு குரூப்புல நிறையப் பேர 'வேலை முடிஞ்சா கிளம்பு'ன்னு சொன்னாங்க. எந்தப் பேப்பரோட உள்ள வந்தீங்க, அதான் கொஸ்டின்."

தோசை கருகிவிட்டது. சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன்.

கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு உள்ளூர் உதாரணம் ஒன்று வேண்டும் என்றாள். ஒரே இடத்திலிருந்து இரண்டு விதமான அனுமதியில் சிங்கப்பூர் வந்த இரண்டு பேர். அவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை அருகருகே வைக்க வேண்டும். "எனக்கு ஆள் ரெடி. நீங்களும் பெரியப்பாவும். ஒரே ஊரு, ஒரே வீடு. பெர்ஃபெக்ட் லா."

ஊரில் இருக்கும் என் அண்ணனிடம் இவள் சிங்கப்பூர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கப் போகிறாள். அதில் நான் வருவேன். பதினைந்து வருடமாக அவன் என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பதை இவளிடம் சொல்வானோ என்று பயந்தேன். சொல்லித் தொலைக்கட்டும் என்றும் ஆசைப்பட்டேன். அவன் திட்டினால்கூட எனக்குப் போதும். திட்டுகிறவன் இன்னும் அண்ணன்தான்.

அவன் எனக்கு ஐந்து வயது மூத்தவன். அப்பா இறந்தபோது பிளஸ் டூ முடித்திருந்தான், என்னைவிட நன்றாகப் படிப்பவன். "எனக்குக் கணக்குன்னாலே தூக்கம் வருது. நீயாவது படிடா" என்று சொல்லிவிட்டு டைல்ஸ் பதிக்கும் வேலைக்குப் போனான். அது எவ்வளவு பெரிய பொய் என்று எங்கள் வாத்தியாருக்கே தெரியும். நான் பொறியியல் கல்லூரியில் இருந்தபோது அவன் கட்டுமான வேலைக்கு ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் வந்தான். நான்கு வருடம் கழித்து நானும் வந்தேன், தெம்பனிஸில் ஒரு கணினி நிறுவனத்துக்கு, பட்டதாரிகளுக்குத் தரும் எம்ப்ளாய்மெண்ட் பாஸில்.

ஊர் ஒன்று, விமான வழி ஒன்று, அம்மா டப்பாவில் அடைத்துக் கொடுத்த பருப்புப்பொடிகூட ஒன்றுதான். அட்டைதான் வேறு. என் அட்டையைக் காட்டி மனைவியை அழைத்துக்கொண்டேன், பிறகு நிரந்தரவாசம் கிடைத்தது, வீடு வாங்கினேன். அவன் அட்டையில் அவன் ஒருவனுக்குத்தான் இடம். அண்ணியும் பிள்ளையும் ஊரில் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போவான். அவன் மகள் அவனை "அப்பா" என்று கூப்பிட்டதை அவன் பெரும்பாலும் போனில்தான் கேட்டிருக்கிறான்.

ஆனாலும் முதல் சில வருடங்கள் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் தொழிலாளர் விடுதியிலிருந்து பஸ் பிடித்து, நம்மூர் ஆட்கள் கூடுகிற தேக்காவுக்கு வருவான். அத்தனை கூட்டத்திலும் தூரத்திலிருந்தே "டேய் கம்ப்யூட்டரு!" என்று கத்துவான். நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "ஏசியிலேயே கெடந்து வெளுத்துப்போயிட்டடா நீ" என்று என் கன்னத்தைத் தட்டுவான். எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது அந்தச் சத்தத்துக்காக நான் எதையும் கொடுப்பேன்.

வீடு வாங்கியபோது சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் பதித்தவன் அவன்தான். நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஜாலான் புசாரில் கடை கடையாக ஏறி இறங்கி டைல்ஸ் வெட்டும் பிளேடும் சுவரில் மாட்டும் கொக்கிகளும் அவனே பார்த்து வாங்கினான். "வெளி ஆளு வந்தா மூலையில ஏமாத்துவான். இது நம்ம வீட்டுச் சொவரு" என்றான். இன்றுவரை ஒரு டைல்ஸும் ஆடவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு அலுவலகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அண்ணன் புதுச்சட்டை வாங்கிப் போட்டிருந்தான், மடிப்புக்கூடக் கலையவில்லை. வெறும் காலோடு நின்றபோது, பூட்ஸ் மூடிய இடம் வெளுத்தும் மேலே கறுத்தும் கணுக்காலில் ஒரு கோடு தெரிந்தது. அதை நான் பார்த்தேன். மற்றவர்களும் பார்ப்பார்களே என்று நினைத்தேன். நினைத்ததை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் மேலாளர் சென்னைக்காரர். சமையலறை வாசலில் நின்று, "டைல்ஸ் வேலை பிரமாதமா இருக்கே, யார் பண்ணது?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணன் பாயசப் பாத்திரத்தோடு வந்தான். அவன் முகத்தில் சிரிப்பு. தம்பி தன்னைக் காட்டிச் சொல்லப்போகிறான் என்ற சிரிப்பு.

"இவர்தான் சார். எங்க ஊருக்காரர்" என்றேன்.

பொய் இல்லை. ஒரே ஊர்தான். அதுதான் அந்த வார்த்தையின் கேவலம். அண்ணன் என்று சொன்னால், எங்கே வேலை பார்க்கிறார் என்று அடுத்த கேள்வி வரும், நான் பதில் சொல்ல வேண்டும், அவர் புருவத்தை ஒரு நொடி உயர்த்துவார். அந்த ஒரு நொடிக்குத்தான் பயந்தேன். நான் என் அண்ணனைப் பார்த்து வெட்கப்பட்டேன். வேறு எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் அதுதான்.

மேலாளர் விடவில்லை. "நம்ம வீட்லயும் கொஞ்சம் வேலை இருக்கு. வந்து பாக்க முடியுமா?"

"பெர்மிட்டுல வெளி வேலை பாக்கக் கூடாதுங்க சார். இவங்க எங்க ஊருங்கிறதால சும்மா செஞ்சு குடுத்தேன்" என்றான் அண்ணன். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினான். "சாருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்தட்டுங்களா?"

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சட்டென்று வேஷம் கட்டிவிட்டான் என்று புரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கெட்டிக்காரன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். "ம், ஊத்துங்க" என்று நானும் சொன்னேன்.

விருந்தினர் போன பிறகு என் மனைவி சமையலறையில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன்னு சொல்றதுக்கு வாய் வலிக்குதா உங்களுக்கு?" அண்ணன் அங்கேதான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். "விடும்மா. அவங்க ஆபீசு ஆளுங்க வந்திருக்கப்ப அவங்க வேற எப்படிச் சொல்வாங்க" என்றான். அவங்க என்று சொன்னது என்னை. விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

அடுத்த ஞாயிறு தேக்காவில் அவன் கத்தவில்லை. நான் பக்கத்தில் போனதும் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தான். "வாங்க" என்றான்.

அன்றோடு சரி. அதன்பின் அவன் என்னை ஒருமுறைகூட "டேய்" என்று கூப்பிடவில்லை, "நீ" என்று சொல்லவில்லை. சண்டை போடவில்லை. வருவதை நிறுத்தவும் இல்லை. மகளின் பிறந்தநாள் ஒன்றுவிடாமல் வந்தான், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி வந்தான். அவளுக்கு அவன் "கண்ணு" போடுவான், என் மனைவிக்கு "என்னம்மா" போடுவான். எனக்கு மட்டும் "ங்க". ஒருநாள் பொறுக்க முடியாமல், "போதும்ணே இந்த நாடகம்" என்று கத்திவிட்டேன். "என்ன நாடகம்ங்க?" என்று உண்மையிலேயே புரியாதவன்போலக் கேட்டான். அவன் நடித்திருந்தால் என்றாவது களைத்திருப்பான். அவன் நடிக்கவில்லை. தன் இடம் எது என்று தம்பி சொல்லிவிட்டான், அவன் அங்கே போய் உட்கார்ந்துகொண்டான்.

நோய்த்தொற்றுக் காலத்தில் விடுதிகளைப் பூட்டியபோது அவன் பல வாரம் அறையைவிட்டு வெளியே வர முடியவில்லை. நான் இங்கே வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். தினமும் பகலில் கூப்பிடுவேன். "நல்லா இருக்கேங்க. சாப்பாடு வருது. நீங்க பிள்ளைய வெளிய விடாதீங்க" என்பான். ஓர் அறையில் எத்தனை பேர் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். போனை வைத்துவிட்டு நான் கழிப்பறைக்குள் போய் அழுவேன்.

அதற்கு அடுத்த வருடம் அவனுடைய நிறுவனம் பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. அத்தனை வருட உழைப்புக்குப் பிறகு ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பினான். நான் அதே காலத்தில் குடிமகனாகியிருந்தேன். விமான நிலையத்தில் எல்லாவற்றையும் கொட்டி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தீர்மானமாகப் போனேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. "பெட்டி வெயிட்டு சரியா இருக்கா?" என்று கேட்டேன். "இருக்குங்க" என்றான்.

இதையெல்லாம் என் மகளிடம் எப்படிச் சொல்வது? அவள் பாட்டுக்குக் கேள்விகளைத் தன் பள்ளிக்கூடத் தமிழில் எழுதி, என்னிடம் காட்டிப் பிழை திருத்திக்கொண்டாள். நான் என் தாளை நிரப்பினேன். பெரியப்பாவை அவள் போனில் கூப்பிட்டபோது, "பேசுனா கோர்வையா வராது கண்ணு, எழுதியே அனுப்பிடுறேன்" என்றானாம். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளில், பிளஸ் டூ பரீட்சை எழுதுவதுபோல மார்ஜின் விட்டு, கேள்வி எண் போட்டு எழுதியிருந்தான்.

அவள் இரண்டு தாளையும் திரையில் அருகருகே வைத்தாள். நான் பின்னால் நின்று படித்தேன். தங்கிய இடங்கள் என்ற கேள்விக்கு நான் மூன்று எழுதியிருந்தேன். அவன் பதினொன்று எழுதியிருந்தான், கண்டெய்னர் கொட்டகை முதற்கொண்டு. குடும்பத்தோடு வாழ்ந்த காலம் என்ற இடத்தில் நான் "ஆரம்பம் முதல்" என்று எழுதியிருந்தேன். அவன் "விடுமுறையில்" என்று எழுதியிருந்தான். சிங்கப்பூர் என்றதும் நினைவுக்கு வருவது எது என்ற கேள்விக்கு, "மழை. பெருமழை பெய்தால் வேலையை நிறுத்துவார்கள், கொஞ்சம் உட்காரலாம்" என்று எழுதியிருந்தான். மகள் அந்த வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். என்னைப் பற்றி எங்கேயும் ஒரு குறை இல்லை. நான்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசிக்கு முந்தின கேள்வியில் அவள் நின்றாள்.

"பா, இது டேலி ஆகல. 'சிங்கப்பூரில் உங்களுக்கு உறவினர் இருந்தனரா?' நீங்க 'ஒரு அண்ணன்'னு போட்டிருக்கீங்க. பெரியப்பா 'இல்லை'ன்னு போட்டிருக்காரு. கேள்விய தப்பாப் படிச்சிட்டாரு போல. ஒரு கால் பண்ணிக் கேட்டுச் சொல்லுங்களேன்."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை.

போனை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வெளியே நடைபாதையில் வந்து நின்றேன். கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இன்று கேட்டுவிடுவது, மன்னிப்பும் கேட்டுவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க. பாப்பாவுக்குப் பேப்பர் வந்துச்சுங்களா? எழுத்துப் புரியுதாமா?"

"வந்துச்சுண்ணே. நல்லா எழுதியிருக்க. அந்த உறவினர்ங்கிற எடத்துல மட்டும்…"

"அட, அதுங்களா?" என்றான். கோபம் இல்லை, குத்தல் இல்லை. எனக்கு ஏதோ சங்கடம் வந்துவிட்டது என்று தெரிந்து, அதைத் தீர்த்துவைக்கிற பரிவுதான் அந்தக் குரலில் இருந்தது. "பாப்பா காலேஜுல நாலு பெரியவங்க பாப்பாங்களேன்னுதான் அப்படிப் போட்டேன். அதனால ஒண்ணும் இல்லைங்க. உங்களுக்கு எப்படி வசதிப்படுமோ, அப்படி மாத்திப் போட்டுக்கச் சொல்லுங்க."